நூற்றில் ஒன்று

மடுத்தீன் வேலை செய்த உணவகத்தின் முதலாளி, தான் ஓய்வு பெற்ற அன்று அவனுக்கு ஒரு வேட்டைத் துவக்கைப் பரிசாகக் கொடுத்தார். அந்த மாதிரியில் மொத்தமே நூறுதான் செய்தார்களாம். மடுத்தீன் அதைப் பெட்டியோடு லா சப்பல் பகுதியிலிருந்த தன் அறைக்குக் கொண்டுவந்து அலுமாரிக்கு மேல் ஏற்றினான். வழக்குத் தொடங்கியது.

"சுடாத துவக்கு என்னத்துக்கு அண்ணை? காட்டுக்குக் கொண்டுபோய் ஒரு பண்டி சுடுவம்," என்பான், வாடகையைப் பங்குபோட்டுக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் படுக்கும் தவரத்தினம்.

"ஒரு கீறல் விழுந்தாலும் மதிப்புப் போயிடும். பெட்டிக்குள்ளையே இருக்கட்டும்."

மடுத்தீனைப் புதிதாகக் கலியாணம் கட்டி வந்திருந்த சிசிலியா இதில் தலையிடவில்லை. கதவில்லாத குசினி வாசலுக்கு ஒரு திரை போடச் சொல்லித்தான் புருசனைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுக் களைத்து, கடைசியில் தானே ஒரு சேலையை மடித்துத் தைத்துக் கட்டிவிட்டாள்.

ஒரு ஞாயிறு, துவக்கை ஒருக்கால் பார்த்தே முடிவெடுப்போமென்று இருவரும் பெட்டியை இறக்கினார்கள். உள்ளே மிளகாய்த்தூள் பைகள்தான் இருந்தன.

"துவக்கு எங்கையப்பா?" என்று மடுத்தீன் மனைவியைக் கேட்டான்.

சிசிலியா குசினி வாசலுக்குப் போய்ச் சேலையின் மேல்மடிப்பைச் சற்று ஒதுக்கினாள். இரண்டு ஆணிகளில் துவக்கு குறுக்கே கிடந்தது.

"ஒரு கீறலும் விழேல்லை," என்றாள். "ஒரு மாசமா எங்கட மானத்தைக் காத்துக்கொண்டு கிடக்குது."