தீவுக்கு வந்த ஜோடி

"ஏங்க, அந்தப் பொண்ணு வீட்டுக்குத் தெரியாம வந்திருக்குதுங்க!"

சரோஜம்மாள் கணவரின் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். கோவிந்தப்பன் வாயிலிருந்த முறுக்கை முழுங்கிவிட்டு, "எந்தப் பொண்ணு?" என்றார்.

"முன்னாடி சீட்டு. திரும்பிப் பாக்காதீங்க!"

முன்னாடி இருப்பதைத் திரும்பாமலே பார்க்கலாம் என்று சொல்ல நினைத்து, வம்பு வேண்டாமென்று விட்டுவிட்டார்.

கர்நாடகத்து மல்பே கடற்கரையிலிருந்து கிளம்பிய படகு துள்ளிக்கொண்டு போனது. ஒரே நாளில் மூன்று தீவு, நடுவில் மீன் சாப்பாடு, நாலு மணிக்குக் கரை. கெலமங்கலத்திலிருந்து ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் வந்த அலுப்பெல்லாம், முதல் அலை முகத்தில் அடித்ததுமே சரோஜம்மாளுக்குப் பறந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில் இப்போதுதான் கடலைப் பார்க்கிறாள். ஒவ்வொரு அலைக்கும் எழுந்து நின்று கூவினாள். "கூத்கொள்ளி அம்மா, கூத்கொள்ளி!" என்று படகுக்காரர் கன்னடத்தில் கெஞ்சி உட்கார வைத்தார். அப்படி உட்கார்ந்தபோதுதான் அந்த ஜோடியின் பேச்சு காதில் விழுந்தது.

பெண் யுவஸ்ரீ. பையன் விமல்ராஜ். இரண்டு பேருக்கும் ஓசூர் சிப்காட்டில் வேலை. இவ்வளவும் படகில் ஏறும்போதே சரோஜம்மாள் விசாரித்து வைத்தது.

"பகல் வெளிச்சத்துல உன் மூஞ்சிய இவ்ளோ நேரம் இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றான் பையன்.

"தெனமும் அஞ்சு நிமிஷம் பாத்தா மூஞ்சி எப்படி ஞாபகம் இருக்கும்? சரி, கம்பெனில என்னா சொல்லி லீவு போட்டீங்க?"

"காய்ச்சல்னு. நீ?"

"அக்காவுக்கு வளைகாப்புன்னு சொன்னேன். எனக்கு அக்காவே கெடையாது!"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சரோஜம்மாள் கணவர் பக்கம் சாய்ந்தாள். "கேட்டீங்களா? இன்னும் என்னாங்க சாட்சி வேணும்?"

"தீவு பாக்க வந்தோம். தீவைப் பாரு."

முதல் தீவு முழுக்கத் தென்னை. சரோஜம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலையில் இறங்கி, சின்னப் பிள்ளை மாதிரி குதித்தாள். அரை மணி நேரத்துக்கு ஜோடியை மறந்தே போனாள். இளநீர் குடிக்கும்போதுதான் மறுபடி கண்ணில் பட்டார்கள். பெண் வெறுங்காலோடு மணலில் ஓடினாள். கால் விரலில் மெட்டி இல்லை. கழுத்தைப் பார்க்கலாமென்றால், ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் தாடை வரைக்கும் மூடியிருந்தது. திரும்பும் வரை அதைக் கழற்றக் கூடாது என்பது படகுக்காரர் உத்தரவு.

இரண்டாவது தீவில் கருங்கல் தூண்கள் கடலுக்குள் வரிசைகட்டி நின்றன. எல்லோரும் ஓடி ஓடிப் படம் எடுத்தார்கள். அந்தக் கூச்சலிலும் சரோஜம்மாளின் காது ஜோடியை விடவில்லை.

"நாலு மணிக்கு போட் திரும்பிடும். அதுக்கப்புறம்?" என்றாள் யுவஸ்ரீ.

"அதுக்கப்புறம் என்ன? நாளையிலேருந்து பழையபடி நீ யாரோ, நான் யாரோ."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கடலைப் பார்த்தாள்.

போன தை மாதம் சரோஜம்மாளின் தங்கை மகள் ஒருவனை நம்பி ஊட்டிக்குப் போய், மூன்றாம் நாள் கண் வீங்கித் தனியாகத் திரும்பி வந்தாள். இன்றைக்கும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இன்னொரு பெண் அப்படி வரக் கூடாது.

மூன்றாவது தீவில் படகு நின்றதும், கடலைக்கூடப் பார்க்காமல் நேராக ஜோடியிடம் போனாள். கோவிந்தப்பன் தலையில் கை வைத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

"ஏம்மா கண்ணு, நீ இங்க வந்தது உங்க வீட்டுல தெரியுமா?"

யுவஸ்ரீ திருதிருவென்று விழித்தாள். "தெரியுங்கம்மா."

"பொய் சொல்லாத. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் வர்றேன். இவன் இன்னைக்கு ஒரு நாள் ஊர் சுத்திட்டு, நாளைக்கு நீ யாரோன்னு போயிருவான். நீதான் அழுதுகிட்டு நிப்ப. உன்கூட வீட்டுல யாரு இருக்காங்க? நம்பர் குடு. திட்டாத மாதிரி நான் பேசறேன்."

"அம்மா, அது வந்துங்க..." என்று விமல்ராஜ் வாயெடுத்தான்.

"நீ பேசாத!"

சரோஜம்மாளின் குரல் உடைந்துவிட்டது. "உன்னை இவன்கிட்ட விட்டுட்டு நான் போட்ல ஏற மாட்டேன் கண்ணு. பெத்தவ மாதிரி கேக்கறேன், சொல்லு."

யுவஸ்ரீ உதட்டைக் கடித்துக்கொண்டு, "என்கூட வீட்டுல ஒருத்தர்தாங்கம்மா இருக்காரு. நம்பர் சொல்றேன், எழுதிக்கோங்க" என்றாள்.

சரோஜம்மாள் கண்ணாடியை மாட்டி, பத்து எண்களையும் ஒவ்வொன்றாக அழுத்தி, போனைக் காதில் வைத்தாள்.

விமல்ராஜின் கழுத்தில் தொங்கிய பிளாஸ்டிக் கவருக்குள் போன் அடித்தது.

அவன் எடுத்து, "ஹலோ" என்றான். அந்த ஹலோ சரோஜம்மாளுக்கு இரண்டு காதிலும் கேட்டது.

யுவஸ்ரீ லைஃப் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து மஞ்சள் கயிற்றை வெளியே இழுத்துக் காட்டினாள்.

"கல்யாணமாகி எட்டு மாசம் ஆச்சுங்கம்மா. கம்பெனில மெட்டி போட விட மாட்டாங்க. எனக்குப் பகல்ல பன்னெண்டு மணி நேரம் டூட்டி, இவருக்கு ராத்திரி பன்னெண்டு மணி நேரம், வார லீவும் வேற வேற நாளு. காலைல இவரு கம்பெனி பஸ்ஸ விட்டு எறங்குவாரு, நான் ஏறுவேன். வீட்டுச் சாவியக்கூட நடு ரோட்டுலதாங்கம்மா கைமாத்திக்கறோம்!"