அங்கியைப் பிடித்தவன்

அங்கியின் ஓரத்தை அய்யாத்துரை மிதித்தது தெரியாமல் செல்லப்பா நகர, தோள்பட்டையில் டர்ரென்று கிழிகிறது. தென்காசி ஸ்டூடியோவில் இருப்பதே அந்த ஒரு பட்டமளிப்பு அங்கிதான். பி.ஏ. தேறுகிறவர்களெல்லாம் வாடகைக்கு மாட்டிப் படமெடுத்துக்கொள்வது. "எத்தனை பி.ஏ.வைத் தாங்குன துணி! பெயிலான ஒன் காலுக்குத்தானாலே காத்துக் கெடந்துது?" என்று தலையிலடித்துக்கொள்கிறார் ஸ்டூடியோக்காரர் பிச்சையா அண்ணாச்சி. தண்டனையும் அவரே விதிக்கிறார். படம் முடியும்வரை செல்லப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் குந்தி, கிழிசலைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கண்ணாடி ஓட்டில் சாரல் சடசடக்கிறது. அதன் வழியே இறங்கும் வெளிச்சமெல்லாம் செல்லப்பாவின் எண்ணெய்த் தலைக்கும், பட்டமென்று அவன் சுருட்டிப் பிடித்திருக்கும் பழைய காலண்டர் தாளுக்குமே போய்விடுகிறது. ஒரே பெஞ்சில் படித்த அய்யாத்துரைக்குக் கிடைத்தது திரையில் வரைந்த குற்றாலத்து அருவியின் பெயின்ட் வாசனைதான். வயிற்றெரிச்சலில், இன்னும் கொஞ்சம் கிழித்தால் என்ன என்று விரல் துறுதுறுக்கிறது. நாலு வார்த்தை வாழ்த்திச் சொல்லத்தான் வந்தான். "கலெக்டர் தொரைக்கு முதுகு சொறியணுமா?" என்றுதான் வாயில் வருகிறது.

"சொறிலே."

அண்ணாச்சி காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விடுகிறார். அங்கிக்கு அடியில் செல்லப்பாவின் தோள் லேசாக நடுங்குவது அய்யாத்துரையின் விரலுக்குத் தெரிகிறது.

"நெசமாச் சொல்லுலே, எப்படி இருக்கு?"

படத்துக்கு வைத்த சிரிப்பு கலையாமல் செல்லப்பா முணுமுணுக்கிறான்: "பயமா இருக்குலே. ஒனக்காவது செப்டம்பர்ல திரும்ப எழுதப் பரீட்ச இருக்கு. எனக்கு அடுத்து என்னன்னே தெரியல."