ஊற்றிய கை

"வெளியில குழி வெட்டச் சொல்லியிருக்கேன். சுவரோரமா தூக்கிட்டுப் போ" என்றார், சாமியார் இல்லாத நாளில் கோயிலைக் கவனித்துவந்த உபதேசியார் இன்னாசிமுத்து.

சவரிராயன் கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே நின்றான். கையில், பழஞ்சேலையில் சுற்றிய அவன் மகள். சுவருக்கு வெளியே நாய் தோண்டும் மணல். ஞானஸ்நானம் பெறாமல் இறந்துபோகும் பிள்ளைகளுக்கு அதுதான் இடம்.

"உள்ள ஒரு முழம் எடம் குடுங்க, உபதேசியாரே. சாமியார் ஊர்ல இருந்திருந்தா..."

"புதுச்சேரியிலேர்ந்து அவரு வந்தாலும் இதைத்தான் சொல்வாரு. பொறந்தன்னிக்கே கோயிலுக்குத் தூக்கிட்டு வாடான்னேன். ஞானத்தகப்பன் சைகோன்லேர்ந்து வரணும், பட்டுச்சட்டை கொண்டாரணும்னு உக்காந்திருந்தே. கப்பல் வந்துச்சா?"

கப்பல் வரவில்லை. விடியற்காலையில் ஜன்னிதான் வந்தது. அவன் கோயிலுக்கு ஓடித் திரும்புவதற்குள் பிள்ளை குளிர்ந்துவிட்டது.

அவனுக்குப் பின்னால் வெள்ளைத் துப்பட்டி ஒன்று அசைந்தது. பிரசவம் பார்த்த பத்ருன்னிசா.

"இந்தத் தம்பி கோயிலுக்கு ஓடினப்ப, மூச்சு இருக்கும்போதே நான் தண்ணி ஊத்திட்டேங்க. தலையில, மூணு தரம். வார்த்தையும் சொன்னேன். பழைய வெள்ளைக்காரச் சாமியார் பிரசவம் பாக்குறவங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தது. பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்து..."

"நிறுத்து! அஞ்சு வேளை தொழுவுற வாயில அந்தப் பேரு வரலாமா? ஒன் கைத்தண்ணி ஞானஸ்நானம் ஆவுமா?"

"ஆபத்து நேரத்துல யாரு ஊத்தினாலும் ஆவும், அதுக்குன்னு மனசுல நெனச்சு ஊத்தணும்னாரு."

"அவரு போய்ச் சேந்துட்டாரு. இப்ப கல்லறைச் சாவி எங்கிட்ட இருக்கு."

உபதேசியார் உள்ளே கை காட்டினார்.

"அந்த வெள்ளையடிச்ச சிலுவை தெரியுதா? எம் மூத்தவன். பொறந்த கையோட போயிட்டான். நான் திருவேட்டக்குடிக்குச் செபம் சொல்லப் போயிருந்தேன். எம் பொண்டாட்டி தன் கையால ஊத்தினா. விசுவாசியோட கை அது. அதான் அவன் உள்ள கெடக்கான்."

பத்ருன்னிசா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மெழுகுவத்தியோடு ஓரமாக நின்றிருந்த உபதேசியாரின் மனைவி மதலேனைப் பார்த்தாள். எடுத்த வாயை மூடிக்கொண்டாள்.

"வா தம்பி. வெளியிலயே வெச்சிடுவோம். நாய் தோண்டாம நான் முள்ளு வெட்டிப் போடுறேன்" என்றாள்.

சவரிராயன் திரும்பி நடந்தான். பிள்ளைக்கு எடையே இல்லை.

"நில்லு, சவரி."

மதலேனின் குரல். கணவரின் முகத்தைப் பார்க்காமல், அந்த வெள்ளைச் சிலுவையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அன்னிக்கு நான் நினைவில்லாம கெடந்தேங்க. ஊத்தினது பிரசவம் பாத்த இவங்க கைதான். நீங்க ஏத்துக்க மாட்டீங்கன்னு பயந்து, நானே ஊத்தினேன்னு சொல்லிட்டேன். வெளியில சொல்லாதீங்கன்னு இவங்க காலைப் பிடிச்சேன். இன்னிக்கு இவ்வளவு பேச்சையும் வாங்கிக்கிட்டு, அப்பவும் என்னைக் காட்டிக் குடுக்காம நிக்கிறாங்க."

உபதேசியாரின் கையில் குலுங்கிக்கொண்டிருந்த சாவிக்கொத்து ஓய்ந்தது.

"சொல்லுங்க" என்றாள் மதலேன். "நம்ம பிள்ளையையும் தோண்டி எடுத்து, சுவருக்கு வெளியில வெச்சிடலாமா?"