ஐந்தாவது பெயர்

மாமனாருக்குப் பார்க்கின்சன் நோய். நடந்துகொண்டே வீட்டார் ஐந்து பேரின் பெயரைச் சொல்லிப் பழகினால், கால் நடுவழியில் நின்றுபோகாது என்றார்கள். மூன்று பெயர் வரை நன்றாக நடப்பார். நான்காவதாகப் பொற்கொடி என்பார். கால்கள் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அவருடைய மகள், என் மனைவி. இறந்து ஐந்து மாதம் ஆகிறது. ஐந்தாவது நான். என் பெயர் வரை அவர் வந்ததே இல்லை. நேற்று அந்த இடத்திலேயே விழுந்தார்.

"அந்தப் பேர விட்டுருங்கப்பா," என்றாள் பயிற்சி கொடுக்கும் ஜெசிந்தா.

"விட்டா நாலுதானம்மா வருது?"

"என் பேரச் சொல்லுங்க. நான் என்ன வேத்தாளா?"

மாமனார் சிரித்துவிட்டார். நடந்தார். "ஞானம், வடிவு, கதிரவன், ஜெசிந்தா, மாப்பிள்ளை." எதிர்ச்சுவரைத் தொட்டுத் திரும்பினார்.

"பாத்தீங்களா மாப்பிள்ளை, நிக்கவே இல்ல!"

ஜெசிந்தா கை தட்டினாள். என்னைப் பார்த்தாள். நானும் தட்டினேன்.