பலாப்பால்

"இன்னைக்கு எம்புள்ள நிச்சயம் நின்னு போச்சுன்னா, அது உங்க கையாலதானுங்க!"

லூர்துசெல்வி டார்ச் லைட்டைக் கணவனின் கையில் திணித்தாள். பட்டுப்புடவைக் கொசுவத்தை இடுப்பில் தூக்கிச் செருகியிருந்தாள். அந்தச் சத்தம் செம்மநத்தம் மேட்டுத் தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

ஆரோக்கியதாஸ் டார்ச்சை வாங்கிக்கொண்டார். தப்பு அவருடையது, காரின் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொள்வதைத் தவிர வேறு வழி?

மேடேறும்போது வண்டி திணறுகிறதே என்று காலையில் இஞ்சினின் மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றித் துடைத்தார். இருபது வருஷம் எஸ்டேட் லாரி ஓட்டியவருக்கு மெக்கானிக் எதற்கு? அப்போது பார்த்து, "ஏனுங்க, இட்லி ஆறிப்போகுதுங்க" என்று செல்வி கூப்பிட்டாள். பிளக் ஓட்டைகளில் ஒரு துணியைக்கூட அடைக்காமல் உள்ளே போய்விட்டார். தட்டை வைத்துவிட்டு, மகள் தலைக்கு ரோஜா பறிக்க அவள் கார் நின்ற வாசலுக்குப் போனாள்.

சாப்பிட்டு வந்தவர் இஞ்சின் பெல்ட்டைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினார். உள்ளே 'டக்' என்றது. எதுவோ ஓட்டைக்குள் விழுந்திருக்கிறது. அதை எடுக்காமல் சாவியைத் திருகினால் இஞ்சின் அதோடு சரி.

"கழட்டுன நட்டெல்லாம் தட்டுல சரியாத்தான் புள்ள இருக்குது. வேற என்ன விழுந்திருக்கும்?"

"ஏதாச்சும் பழைய வாஷரா இருக்கும். கண்ணை எங்க வெச்சுக்கிட்டு வேலை பாக்கறீங்களோ!"

காலை பஸ் எப்போதோ போய்விட்டது. கோடை விழாக் கூட்டத்தில் ஏற்காடு முழுக்கத் தேடியும் ஒரு வாடகை வண்டி சிக்கவில்லை. அந்த நேரம் பார்த்துச் சேலத்திலிருந்து அக்கா ஜெயமேரியின் போன். கை முழுக்கக் கரி. ஸ்பீக்கரில் போட்டார்.

"டேய் தாசு, நாலு மணிக்கு ஃபாதர் வந்துருவாரு. மோதிரம் மாத்தற நேரத்துக்கு நீ வரலைன்னு வையி, ஆத்தூர்ப் பொண்ணு வீட்டுக்காரங்களுக்கே வாக்குக் குடுத்துருவேன். அவிங்க காத்துக் கெடக்கறாங்க. நேத்திருந்து எம்பையன் ஜோஸ்வா ஒரு சொட்டு தொடலடா. உம்பொண்ணு கைக்கு வந்துட்டா நொம்பத் திருந்திருவான்."

"வந்துருவோமுங்க அண்ணி!" என்று செல்விதான் முந்திக்கொண்டு கத்தினாள்.

போன மாதம் அக்கா கேட்டபோது, அங்கேயே தலையை ஆட்டிவிட்டு வந்தவர் ஆரோக்கியதாஸ். வீட்டில் வந்துதான் விஷயத்தைச் சொன்னார். செல்வி ம் என்றுகூடச் சொல்லவில்லை. கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிற அபிஷாவைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பழைய ஸ்பீக்கர் காந்தத்தை உடைத்து, ஒரு சில்லைக் கம்பி நுனியில் கட்டி ஓட்டைக்குள் விட்டார். பத்துத் தடவை விட்டார். உள்ளே ஏதோ உருளுகிற சத்தம் மட்டும் வந்தது. காந்தத்தில் எதுவும் ஒட்டவில்லை.

"சாமி சித்தமில்லைன்னு விட்டுப்போட்டு, வரமுடியாதுன்னு போனைப் போடுங்க. வேறென்ன பண்றது?" என்றாள் செல்வி. அந்தக் குத்தல் அவருக்குச் சுருக்கென்றது.

ஜன்னலோரம் சந்தனப் பட்டில் உட்கார்ந்திருந்த அபிஷா, "வண்டி கெளம்பிருங்களாப்பா?" என்று கேட்டாள். பிள்ளை அவசரப்படுகிறாள் என்று நினைத்து மனிதர் இன்னும் குன்றிப்போனார்.

"கெளப்பிருவேன் சாமி. அப்பன் இருக்கறேன்ல?"

கொல்லைக்கு ஓடினார். பலா மரத்தில் ஒரு பிஞ்சைக் கீறி, வழிந்த பாலைக் காப்பிச் செடிக் குச்சியின் நுனியில் உருட்டி உருட்டிச் சேர்த்தார். விரலில் பட்டால் எண்ணெய் போட்டுத் தேய்த்தால்தான் விடும் அந்தப் பால். அதற்கு இரும்பு, பித்தளை என்ற பேதமெல்லாம் கிடையாது.

ஓட்டைக்குள் விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். நழுவியது. மறுபடி அழுத்தினார். மூன்றாவது தடவை குச்சி கனத்தது.

"செல்வி! வந்துருச்சு புள்ள, வந்துருச்சு! இன்னும் ரெண்டு மணிகூட ஆகலை. தாராளமாப் போயிரலாம்!"

அவர் பெட்ரோல் துணியால் பிசினைத் துடைத்தார். நட்டு இல்லை. வாஷரும் இல்லை. மொச்சைக்கொட்டை அளவில் ஒரு கூழாங்கல்.

இடுப்பு உயர இஞ்சினுக்குள் கல் தானாக எகிறிக் குதிக்குமா? மெல்ல நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார்.

"கண்ணு... நீயா?"

"என்னதுங்கப்பா?" என்றாள் அபிஷா. அந்த முகத்தில் கள்ளம் ஒரு துளி இல்லை. அழுது துடைத்த தடம்தான் இருந்தது. இத்தனை நேரம் அது அவர் கண்ணில் படவே இல்லை.

போன் மறுபடி அடித்தது. அக்காதான். எடுக்கப் போன கையை லூர்துசெல்வி பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து தெருவே கேட்கக் கத்தியவள், இப்போது அவர் காதுக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்.

"அந்தக் கல்லெ உள்ளயே போட்டுருங்க."