கேமராப் பொருத்தம்

இப்போதெல்லாம் பெண் வீட்டார் ஜாதகம் கேட்பதில்லை. ஒரு வருஷ வீட்டுக் கேமராப் பதிவைத்தான் கேட்கிறார்கள். கிரகம் பொய் சொன்னாலும் கேமரா சொல்லாதாம். மகன் இளமாறனுக்காக வேதவல்லியும் பெருமையாக அனுப்பிவைத்தாள். சண்டை இல்லை, ஒரு சத்தம் இல்லை.

பார்த்துவிட்டுப் பெண்ணின் அப்பா நேரிலேயே வந்தார். காபியைக் குடித்து முடித்துத் தயங்கினார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. உங்க வீட்டுல யாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துப் பேசவே இல்ல. 'சாப்பிட்டியாப்பா'ன்னு கேக்குறதுகூட கேமராவைப் பார்த்துத்தான் கேக்குறீங்க. எங்க பொண்ணு இங்க வந்து யார்கிட்டப் பேசும்?"

வேதவல்லிக்கு முகம் சிவந்துவிட்டது.

"அபாண்டமாப் பேசாதீங்க. நாங்க அப்படிப்பட்ட குடும்பம் இல்ல" என்று கூரைக் கேமராவை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள். பக்கத்திலிருந்த இளமாறனும் அதே கேமராவைப் பார்த்துத் தலையாட்டினான்.