பவுடர் நனையவில்லை

வீட்டுக்காரர் காருக்கு அடியில் கையை விட்டு, தரையில் கிடந்த எண்ணெயை விரலால் தொட்டு, மூக்கருகே கொண்டுபோய் நெடுநேரம் முகர்ந்தார். அத்தர் வாங்க வந்தவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

"கியர் ஆயில்தான். சந்தேகமே வேண்டாம்" என்றார்.

வாசற்படியில் நின்றிருந்த அவர் மனைவிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அழுகின முட்டையையும் கந்தகத்தையும் கலந்தாற்போன்ற அந்த வாடை துண்டில், தலையணை உறையில், அவர் சாப்பிட்டெழுந்த தட்டில் என்று வீடு முழுக்கக் குடியேறிவிட்டது. "இந்தச் சனியனை எடைக்குப் போட்டாத்தான் என் வயித்துல சாப்பாடு தங்கும்" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

வண்டி வீட்டுக்காரரைவிட ஏழு வயது மூத்தது. ஞாயிற்றுக்கிழமை மகளையும் இரண்டு பேரப்பிள்ளைகளையும் அதில் ஏற்றிக்கொண்டு, தானே ஓட்டி, மலைப்பாதையில் போவதாக வாக்குக் கொடுத்திருந்தார். கசிவு நிற்காமல் வண்டியை வெளியே எடுக்கக் கூடாது என்பதில் மெக்கானிக் கறாராக இருந்தார். கியர் பாக்ஸ் வழியில் காய்ந்துபோனால் பல்லெல்லாம் தேய்ந்து, வண்டி மேட்டிலேயே நின்றுவிடுமாம்.

மெக்கானிக்குக்கு இது மூன்றாவது நடை. முதல் தடவை பின்பக்க ஆயில் சீலை மாற்றினார். அடுத்த தடவை பக்கவாட்டு மூடிக்குப் புது கேஸ்கெட் போட்டார். இரண்டு தடவையும் மறுநாள் விடிந்தால் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய். பழைய கார் வைத்திருக்கும் நாலு பேரிடம் வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சிரித்தார் என்று காதில் விழுந்ததிலிருந்து, மெக்கானிக்குக்குத் தூக்கம் சரியில்லை.

இந்தத் தடவை கியர் பாக்ஸை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துக் காயவைத்தார். அதன்மேல் முகத்துக்குப் போடும் பவுடரை வீட்டுக்காரரின் மனைவியிடம் கேட்டு வாங்கித் தூவினார். எங்கே கசிகிறதோ அங்கே பவுடர் நனைந்து காட்டிக்கொடுத்துவிடும். எண்ணெய்க் கையோடு டப்பாவைத் திருப்பித் தர வந்தவரிடம், அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், இனி என் மூஞ்சியில் படாது என்றாள் அந்த அம்மாள். தெருவை நாலு சுற்று ஓட்டிவந்து நிறுத்தி, கீழே அட்டையை விரித்து, மிச்ச எண்ணெய்க் கேனை வழக்கம்போல வாசல் ஓரமாக வைத்துவிட்டுப் போனார் மெக்கானிக்.

மறுநாள் காலை அட்டையில் எண்ணெய் தேங்கிக் கிடந்தது.

மெக்கானிக் மல்லாந்து உள்ளே நுழைந்தார். பவுடர் ஒரு இடம் விடாமல் மாவு மாதிரி உலர்ந்து, வெள்ளை வெளேரென்று இருந்தது. எண்ணெய் அளவு பார்க்கும் போல்ட்டைக் கழற்றி விரலை விட்டார். எண்ணெய் விளிம்புவரை நின்றது.

வீட்டுக்காரரும் குனிந்தார். மெக்கானிக் டார்ச்சை நீட்டியதும், "அது எதுக்குய்யா, எனக்கு மூக்கு போதும்" என்று தள்ளிவிட்டார். அட்டையை முகர்ந்து, நேற்றைக்கு இருந்த அதே எண்ணெய்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கை கழுவ உள்ளே போனார்.

அட்டையை எடுத்துப்போட அந்த அம்மாள் வந்தாள். அவள் இன்னும் அதைத் தொடக்கூட இல்லை. அதற்குள் அவள் நகக்கண்களில் எண்ணெய் பளபளத்தது.

மெக்கானிக்குக்கு எண்ணெயைவிட அவள்மேல் அருவருப்பு வந்தது. பிடிக்காத வண்டியைத் தொலைக்க இப்படியும் ஒரு வழியா? கட்டின புருஷனை முட்டாளாக்கி, தொழில்காரன் பேரையும் நாறடித்து, இதில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு நடிப்பு வேறு.

"கியர் பாக்ஸ்ல ஒரு சொட்டுகூடக் கசியலைம்மா" என்றார் தாழ்ந்த குரலில். "நான் வச்சுட்டுப்போன மிச்ச எண்ணெயைத் தினமும் இங்க ஊத்தறது யாருன்னு தெரிஞ்சுபோச்சு. ஐயா வெளியில வந்ததும் சொல்லத்தான் போறேன்."

அவள் விரல்களை அட்டையின் ஓரத்தில் துடைத்தாள். வாடை மேலே ஏறி ஒரு தடவை ஓங்கரித்தது. அதை விழுங்கிக்கொண்டு, உள்ளே குழாய்ச் சத்தம் இன்னும் கேட்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள்.

"எதிர்ல வர்ற லாரியே இப்பல்லாம் அவருக்குத் தெரியறதில்ல தம்பி… கசியுதுன்னே சொல்லிடுங்க."